பூவுக்கு ஏ.சி. போட்டவர்

காட்டுச் செடிக்கு ஏ.சி. போட்டு, “ம், பூ!” என்று உத்தரவிட்டுப் பூக்க வைத்த ஒரே ஆள் இந்த உலகத்தில் நம்ம கூலிங்தான். சந்திரனில் யாராவது செய்திருந்தால் அது வேறு கணக்கு.

காலமெல்லாம் ஏ.சி. பழுது பார்த்ததில் ஒட்டிக்கொண்ட பட்டப்பெயர் அது. ஓய்வுக்குப் பிறகு அவருக்கு உயிரே பால்கனிக் கம்பியில் கட்டியிருந்த ஒரு கொத்து ஆர்க்கிட்தான். மரத்தில் தொற்றி வளர்கிற ஜாதி. அதன் தண்டுச் சாறு காதுவலிக்குக் கைகண்ட மருந்து என்று சொல்லிச் சொல்லியே சுற்றுவட்டாரத்தில் இருந்ததையெல்லாம் பிழிந்து தீர்த்துவிட்டார்கள். மிச்சம் இது ஒன்றுதான்.

கூட வசிக்கும் அக்காவுக்குக் காதுவலி வந்ததுதான் வினை. காதில் பஞ்சு, கையில் மிக்ஸி ஜார்.

“இது பூக்கற செடி, அக்கா. டாக்டர்கிட்ட போலாம் வா.”

“வந்த நாளா புல்லு மாதிரி நிக்குது. பூக்குமாம் பூ! சரி, அடுத்த வாரம் ஞாயித்துக்கிழமை வரைக்கும் டைம். அப்புறம் ஜார்தான்.”

திடீர் மழையில் குளிர்ந்தால்தான் அது மொட்டு விடும். வானமோ பொட்டுத் தூறலுக்கும் வழியில்லாமல் காய்ந்து கிடந்தது. கூலிங் செடியைத் தம் அறைக்குத் தூக்கிப்போய் ஏ.சி.யை முடுக்கினார். பனிக்கரடி வந்திருந்தால் ஸ்வெட்டர் கேட்டிருக்கும்!

“எனக்கு ஒருநாளாவது இப்படிப் போட்டிருக்கியாடா?” என்று அக்கா வாசலில் நின்று பொருமினார்.

செடி பால்கனிக்குத் திரும்பியது. கெடு நாளன்று காலை அக்கா தன் மகள் வீட்டுக்குக் கிளம்பிப் போன சற்று நேரத்தில், கொத்து முழுக்க வெள்ளை வெளேரென்று பூ! தெருவே மணத்தது. பக்கத்து ஊரும் மணத்திருக்கும், கேட்க ஆளில்லை. அக்காவுக்குப் போன் மேல் போன் போட்டார். பஞ்சடைத்த காதுக்கு மணி எங்கே கேட்கும்?

ஒருநாள் ஆயுசுதான் அந்தப் பூவுக்கு. அக்கா திரும்பியபோது சாயங்காலம். பூவெல்லாம் நூலாய்த் துவண்டிருந்தது.

“எங்கடா பூ?”

கூலிங் செல்போனில் படத்தைக் காட்டினார்.

“இன்டர்நெட்ல எடுத்திருப்பே. உன்னைத் தெரியாதா எனக்கு?”

ஜாருடன் பால்கனிக்குப் போனவர், செடிக்குப் பக்கத்துத் துணிக்கொடியில் காய்ந்த மாற்றுச் சேலையை உருவித் தோளில் போட்டார். நின்றார். முந்தானையை மூக்கில் வைத்து மோந்தார். மறுபடியும் மோந்தார்.



அக்கா ஜாரைத் தம்பி கையில் திணித்தார்.

“டாக்டர் இருக்காரான்னு கேளு. பூத்துத்தான்டா இருக்கு.”