சத்தம் மட்டும் கேட்ட கார்ட்டூன்

பத்தொன்பது வருடம் கழித்துத் தம்பி வில்மார் பார்சிலோனாவிலிருந்து மொண்டெவிடியோ வந்தான். அம்மா சாவுக்கு வராதவன். வந்த ஞாயிற்றுக்கிழமையே தெருச்சந்தைக்குப் போய், மரப்பெட்டி வைத்த கறுப்பு வெள்ளை டிவி ஒன்றை வண்டி பிடித்து ஏற்றிக்கொண்டு வந்தான். சின்ன வயதில் எங்கள் வீட்டில் இருந்த அதே மாதிரியாம். அம்மாவின் கட்டிலை நிமிர்த்திச் சுவரோரம் சாய்த்துவிட்டு, அந்த இடத்தில் அதை வைத்தான். ஏழு வயதில் அவன் பார்த்த கரடி கார்ட்டூனையும் எங்கோ தேடிப் பிடித்து, அதில் ஓடுகிற மாதிரி எடுத்து வந்திருந்தான்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு, நாற்பத்தொன்பது வயது ஆள், தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தான்.

"நிபியாக்கா, அந்தக் கோகோ பால் போட்டுக் கொண்டா. அப்ப மாதிரியே."

நான் மறுபேச்சில்லாமல் எழுந்து போனேன். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பால் காயும்வரை கரண்டியும் கையுமாக நின்றேன். சுவருக்கு அந்தப் பக்கம் பாட்டு தொடங்கியது. அடுத்து கதவு கிறீச்சிடும், பானை உருளும், யாரோ தும்முவார்கள். எல்லாம் அதே வரிசையில் வந்தது. அப்போதெல்லாம் அம்மா கம்பளி ஆலையிலிருந்து எட்டு மணிக்குத்தான் வருவாள். பதினொரு வயதில் தினமும் இந்த நேரத்தில் நான் இதே அடுப்படியில் நின்றிருந்தேன்.

அடுப்பை அணைத்துவிட்டு வெறுங்கையோடு அறை வாசலுக்குப் போனேன். திரையில் ஒரு வாத்து தும்மிக்கொண்டிருந்தது.

"தும்முறது இந்த வாத்தா? நான் கரடின்னுல்ல நெனச்சிட்டிருந்தேன்."

வில்மார் சிரித்தான். "மறந்துட்டியாக்கா? தெனம் என் பக்கத்துல உக்காந்துதானே பார்த்த."

"நான் உக்காந்திருந்தா உனக்குப் பால் போட்டது யாருடா?"

"அம்மாதான்." யோசிக்கவே இல்லை. கண் கலங்கியிருந்தது. "அந்த வாசனை இன்னும் மூக்குல நிக்குது."

அம்மா அந்த நேரத்தில் வீட்டில் இருந்ததே இல்லை என்றேன். மணிக்கட்டில் இருந்த பால் கொட்டிய தழும்பைக் காட்டினேன்.

"சரிக்கா, இரு. இப்பதான் நல்ல இடம் வருது," என்று திரையை விட்டுக் கண்ணெடுக்காமல் கையமர்த்தினான்.

திரும்பிப் போய் அந்தப் பாலை நின்றவாக்கிலேயே நான் குடித்தேன். பால் என்ன ஆனது என்று அவன் கேட்கவில்லை.

வியாழக்கிழமை கிளம்பினான். விமான நிலையத்தில் என்னைக் கட்டிப்பிடித்து, மீதியை அடுத்த தடவை சேர்ந்து பார்க்கலாம் என்றான். வீட்டுக்கு வந்ததும் அந்த டிவியைத் தெருவுக்குத் தள்ளிவிடப் பார்த்தேன். வாசற்படிவரைகூட வரவில்லை. தனியாளால் நகர்த்தக்கூடிய கனமில்லை அது.