ஜெபிச்சிட்டுச் சொல்றேன்

அந்தச் சபையில் 'மாட்டேன்' என்று சொன்னவர் ஒருவர்கூடக் கிடையாது. அவ்வளவு நல்ல ஜனங்கள். ஞாயிறு வகுப்புக்குப் பாடம் எடுக்க முடியுமா என்று கேளுங்கள், சுவருக்கு வெள்ளையடிக்க ஒரு கை கொடுப்பீர்களா என்று கேளுங்கள், முகமெல்லாம் மலர்ந்து, கண்ணைப் பாதி மூடி, "ஜெபிச்சிட்டுச் சொல்றேன்" என்பார்கள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சைக் கர்த்தரும் எடுப்பதில்லை, அவர்களும் எடுப்பதில்லை. விவகாரம் சுமுகமாக முடிந்துவிடும்.

இந்த வாக்கியத்தைக் கேட்டாலே தையல்காரிக்குப் பற்றிக்கொண்டு வரும். கடைத்தெரு மூலையில் பெண்களுக்கு மட்டும் தைக்கிற கடை அவளுடையது. சபையில் அவளுக்கு 'ஊசி' என்று பெயர். தொழிலை வைத்து வந்த பெயர் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். வாயை வைத்து வந்தது என்பது அவள் வீட்டுக்காரர் உட்பட எல்லாருக்கும் தெரியும்.

வருஷக் கடைசியில் கமிட்டி கூடியது. போதகர் இந்தச் சபைக்குப் புதியவர்; இன்னும் நம்பிக்கை போகாத மனிதர். "புது வருஷத்தைச் சபை உற்சாகத்தோட, ஒரு நோக்கத்தோட ஆரம்பிக்கணும். என்ன செய்யலாம்?" என்று கேட்டார்.

"பேனர் வைக்கலாம்" என்றார் செயலாளர். ஆணி, பெயின்ட் விற்கிற கடைக்காரர் அவர். எந்தப் பிரச்சினைக்கும் சுவரில் மாட்டுகிற மாதிரி ஒரு தீர்வு வைத்திருப்பார்.

பேனர் நீலமா சிவப்பா என்பதில் அரை மாலை போயிற்று. 'புது ஆண்டு, புது வேகம்' என்று எழுதலாம் என்றார் ஒருவர். பாதிப் பேருக்கு முழங்கால் வலி இருக்கிற சபையில் வேகம் எதற்கு, 'விவேகம்' என்று போடலாமே என்றார் இன்னொருவர். தேநீர் வந்தது, ஆறியது, மறுபடி சூடாகி வந்தது. அதுவரை ஊசி வாயைத் திறக்கவில்லை என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் உண்மை.

"பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறவங்கள யாராச்சும் நெனச்சுப் பாத்தீங்களா?" என்றாள்.

பாலத்துக்கு அப்பால் அடுக்குமாடி வீடுகள். ஒரு காலத்தில் சபையின் பாதி பெஞ்சுகள் அங்கிருந்துதான் நிரம்பின. பஸ் வேறு வழியாகப் போக ஆரம்பித்ததும் வயசானவர்கள் வீட்டோடு தங்கிவிட்டார்கள். சபையும் சும்மா இருக்கவில்லை. 'அவங்க விசுவாசம் குளிர்ந்துபோச்சு' என்று அவ்வப்போது மனப்பூர்வமாக வருத்தப்பட்டது.

"விசுவாசம் குளிர்ந்துதான் போச்சு, பாவம்" என்றார் செயலாளர், வழக்கம்போல.

"விசுவாசம் குளிரலைங்க. பஸ்தான் நின்னுபோச்சு. புது வருஷத்து மொத ஞாயித்துக்கிழமை அவங்க இங்க உக்காந்திருக்கணும். வண்டிக்கு நான் பொறுப்பு."

சொன்னபோது அவள் கையில் தையல் மெஷினைத் தவிர சக்கரம் வைத்த பொருள் எதுவும் கிடையாது.

மறுநாளே கடையைப் பூட்டிவிட்டுப் பாலம் தாண்டி நடந்தாள். கதவு கதவாகத் தட்டி வாக்குக் கொடுத்தாள். கடைசியாகத் தட்டியது கட்டைக்குரல்காரர் கதவு. பாடகர் குழுவில் அவர் அடித்தொண்டையில் பாடினால் ஜன்னல் கண்ணாடி அதிரும் என்பார்கள். மனைவி போனபிறகு அவர் பாடிக் கேட்டவரும் இல்லை, பேசிக் கேட்டவரும் இல்லை. ஊசி சொன்னதைக் கேட்டுவிட்டு, அலமாரியிலிருந்து கறுப்புக் கோட்டை எடுத்து உதறி, பால்கனி வெயிலில் தொங்கவிட்டார். உள்ளே இருந்த மனிதர் சுருங்கிவிட்டார், கோட்டு சுருங்கவில்லை என்பது தையல்காரி கண்ணுக்கு உடனே தெரிந்தது.

"குடுங்க, ரெண்டு பக்கமும் பிடிச்சுத் தரேன்."

"வண்டி வந்தாப் போதும்மா" என்றார்.

திரும்பி வருகிற வழியெல்லாம் அந்தக் கோட்டு அவள் மனசில் ஆடிக்கொண்டே வந்தது. வராத வண்டிக்காக அது வெயில் காய்ந்தால், அந்த முகத்தில் அப்புறம் எப்படி முழிப்பது?

முதலில் செயலாளர் கடைக்குப் போனாள். அவர் ஆணி எடை போட்டுக்கொண்டிருந்தார்.

"ஐயா, ஞாயித்துக்கிழமை காலைல உங்க கார் வேணும்."

"அதுக்கென்னம்மா" என்று கண்ணைப் பாதி மூடினார். "ஜெபிச்சிட்டுச் சொல்றேன்."

"நல்லதுங்கய்யா. அதை ஏன் தள்ளிப்போடணும்? இப்பவே ஜெபிச்சிருவோம்."

பெயின்ட் டப்பாக்களுக்கு நடுவே முழங்கால் போட்டாள். கடையில் வாடிக்கையாளர்கள் நிற்கிறார்கள். சபைச் செயலாளர் ஜெபத்துக்கு நிற்கவில்லை என்ற பேச்சு வந்தால் நன்றாகவா இருக்கும்? அவரும் வேட்டைக்காரனிடம் சிக்கிய கொக்கு மாதிரி மெல்ல மடங்கி உட்கார்ந்தார்.

"ஆண்டவரே," என்று ஊசி தெரு கேட்க ஆரம்பித்தாள், "ஐயாவோட கார் ஞாயித்துக்கிழமை காலைல ஷெட்டுல சும்மா நிக்கிறது உமக்குத் தெரியும். அதுக்குப் புது சீட் உறை போட்டதும் தெரியும். அந்த உறை அழுக்காயிடுமேன்னு ஐயா மனசுல இருக்கிற பாரத்தையும்..."

"ஆமென்! ஆமென்! கார் வருது, எந்திரிம்மா! கீழ ஆணி வேற குத்துது."

செய்தி ஊசியைவிட வேகமாக ஓடியது. அவள் வருவதைப் பார்த்து முடிதிருத்தும் கடைக்காரர் பாதி ஷட்டரை இறக்கினார். அவள் குனிந்து உள்ளே போய்விட்டாள். பாட்டு டீச்சர் அவளைத் தூரத்தில் கண்டதுமே, "நான் டீ போடறேன், பிஸ்கட்டும் வாங்கிட்டு வரேன், நடுத்தெருவுல மட்டும் முழங்கால் போட்டுடாத தாயே!" என்று கையெடுத்துக் கும்பிட்டார். சபை வரலாற்றில் இத்தனை ஜெபங்களுக்கு இவ்வளவு சீக்கிரம் பதில் வந்ததில்லை.

ஆனாலும் காரால் முழுக் காரியம் ஆகாது. நடைசட்டம் பிடித்து நடக்கிறவர்கள், சக்கர நாற்காலிக்காரர்கள், இடுப்பை மடக்க முடியாதவர்கள். அகலக் கதவும் தாழ்ந்த படியும் உள்ள வேன் வேண்டும். அப்படி ஒரு வேன் சபையிலேயே இருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற வேன். அதை ஓட்டுகிறவள் ஊசியின் ஓரகத்தி, வீட்டுக்காரருடைய அண்ணன் மனைவி.

அவர்கள் பேசிக்கொள்வதில்லை. தன் மகள் கல்யாணத்துக்கு ஓரகத்தி போட்டிருந்த ஜாக்கெட், மணமக்கள் தலையில் கை வைக்க அவள் கையைத் தூக்கியபோது, போட்டோக்காரர் 'இங்க பாருங்க' என்று சொன்ன அதே நொடியில் பக்கவாட்டில் பிரிந்தது. தைத்தவள் ஊசி. "உன் தையலும் உன் வாயும் ஒண்ணுதாண்டி, ரெண்டும் ஒரு எடத்துல நிக்காது" என்றாள் அவள். "அளவு குடுக்கிறப்ப மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நின்னது யாராம்?" என்றாள் இவள். அன்றிலிருந்து ஒருத்தி கோயிலில் வலப்பக்கம், இன்னொருத்தி இடப்பக்கம். போதகர் இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிப் பிரசங்கம் செய்து கழுத்து சுளுக்கியதாகக் கேள்வி.

சனிக்கிழமை எல்லாரும் ஆலயத்தைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தார்கள். போதகரம்மா பேச்சுவாக்கில், "வேன் வச்சிருக்கிற அக்காகிட்ட கேட்டாச்சா?" என்றார்.

ஊசி ஜன்னல் துடைக்கிற துணியை இரண்டு தரம் மடித்தாள். "அது வந்து... ஜெபிச்சிட்டுச் சொல்றேன்."

துடைப்பச் சத்தங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றன. ஏணிமேல் பேனர் பிடித்துக்கொண்டிருந்த செயலாளர் தன் பக்கத்து முனையை விட்டுவிட்டார். அவர் முகத்தில் அப்படியொரு ஆனந்தத்தை அதற்கு முன்னும் பின்னும் யாரும் பார்த்ததில்லை.

போதகரம்மா அதிர்ந்து பேசாதவர். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, புடவையை ஒதுக்கிக்கொண்டு, ஈரத் தரையில் முழங்கால் போட்டார். "வாங்கக்கா" என்றார் அன்பாக.

"வேணாம்மா. போறேன்" என்றாள் ஊசி.

வீட்டுக்காரர் துணைக்கு வந்தார். தெருமுனை வரைதான். "அண்ணி கையில ஸ்பேனர் இருக்கு" என்று சொல்லிவிட்டு அங்கேயே நின்றுகொண்டார்.

ஓரகத்தி வேன் டயரின் நட்டுகளை முடுக்கி முடித்து, சீட்டில் பிள்ளைகள் ஒட்டிவிட்டுப் போன மிட்டாயைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. "யாரு, தையல்கார மேடமா?"

"அக்கா, நாளைக்கு வண்டி வேணும்."

"ஊர் பூரா முழங்கால் போட்டியாமே. எங்க வாசல்ல மட்டும் காணோம்?"

"உங்க வாசல்ல கிரீஸ் கொட்டிக் கெடக்கு."

ஓரகத்தி சுரண்டுவதை நிறுத்தினாள். "என்னைய எத்தனாவதா வந்து கேக்குற?"

பொய் நுனிநாக்கு வரை வந்தது. ஊசி அதை விழுங்கினாள். "கடைசியா."

"ஏன்?"

"நீங்க மூஞ்சிக்கு நேரா முடியாதுன்னுட்டா என்ன செய்யறதுன்னு பயம். அங்க ஒருத்தர் கோட்டை வெயில்ல காயப்போட்டு வச்சிருக்காரு."

ஓரகத்தி வேன் படியில் உட்கார்ந்தாள். "பஸ் நின்னது எனக்குத் தெரியாதா? தெனம் அந்த வழியாத்தானே போறேன். ஞாயித்துக்கிழமையானா இந்த வண்டி சர்ச் வாசல்ல காலியாத்தான் நிக்குது. யாராச்சும் கேப்பாங்க, கேப்பாங்கன்னு பாத்தேன். ஒருத்தருக்கும் வாய் வரல. எல்லாரும் ஜெபத்துல இருந்தீங்க."

"நீங்களே சொல்லியிருக்கலாம்ல?"

"நானா வந்து சொன்னா, 'வண்டி வச்சிருக்கிற திமிரு'ன்னு பேசுவீங்க. முக்கியமா நீ."

ஊசி யோசித்துப் பார்த்தாள். "ஆமா. பேசியிருப்பேன்."

ஓரகத்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்கத் துணியை உதறினாள். "அன்னைக்கு அளவு குடுக்கும்போது மூச்சைப் பிடிச்சுக்கிட்டுத்தாண்டி நின்னேன்."

"தெரியும்க்கா. தெரிஞ்சேதான் அப்படியே தச்சேன்."

தெருமுனையில் வீட்டுக்காரர் கழுத்தை நீட்டி, ஸ்பேனர் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தன மணிக்கு வரணும்?" என்றாள் ஓரகத்தி.

முதல் ஞாயிறு காலை, பாலத்துக்கு அப்பால், கட்டைக்குரல்காரர் தொளதொளத்த கோட்டோடு வேனுக்கு முன்னால் நின்றார். படியில் வைத்த காலை எடுத்துக் கீழே வைத்தார்.

"அடுத்த வாரம்?" என்றார்.

"என்னங்கய்யா?"

"மொத வாரம் எல்லாரும் வருவாங்கம்மா. எங்க வீட்டம்மா போனப்பவும் மொத வாரம் எல்லாரும் வந்தாங்க."

ஊசி ஓரகத்தியைப் பார்த்தாள். அவள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தாள், உதவுவதாக இல்லை.

"வரும்" என்றாள் ஊசி. "வண்டி இல்லைன்னா நான் நடந்து வந்து உங்ககூட இங்கயே உக்காருவேன். ஏறுங்க."

அன்றைய ஆராதனையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஆலயம் நிரம்பி வழிந்தது. முதல் ஞாயிறு எந்த ஆலயம்தான் நிரம்பாது? போதகர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சபை தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டு, டீ குடித்து, வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கியது. கட்டைக்குரல்காரர் மட்டும் பாட்டுப் புத்தகத்தைத் திறக்கவேயில்லை.

இரண்டாம் ஞாயிறு மழை பிடித்துக்கொண்டது. ஊசி குடையோடு வாசலுக்கு வந்தபோது வேன் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தது. "செத்த நேரம் முன்னாடி வந்தா என்ன, மகாராணிக்கு?" என்றாள் ஓரகத்தி. பாலம் தாண்டி, ஒவ்வொருவரையும் குடைக்குள் அணைத்து ஏற்றி, நனைந்த நடைசட்டங்களை அடுக்கி, ஆலயத்தில் கொண்டுவந்து இறக்கினார்கள்.

உள்ளே போதகர் இருந்தார், போதகரம்மா இருந்தார், பெஞ்சுகள் இருந்தன. அடுத்த தெருவில், எதிர்த்த தெருவில், பார்க்கிற தூரத்தில் குடியிருக்கிற சபையைக் காணோம். போர்வைக்குள் இருந்தது.

கட்டைக்குரல்காரர் தலையைத் துடைத்தபடி சுற்றிப் பார்த்தார். அவர் கேலியாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டார். "ஏம்மா, இங்க பக்கத்துல இருக்கிறவங்களுக்கெல்லாம் வண்டி கெடையாதா?"

ஊசி ஓரகத்தியைப் பார்த்தாள். ஓரகத்தி சாவியை மேஜைமேல் வைக்கப் போனவள், வைக்கவில்லை.

"ஐயா," என்றாள் ஊசி போதகரிடம், "மொதப் பாட்டைக் கொஞ்சம் நீட்டிப் பாடுங்க. வந்துடறோம்."

வேன் செயலாளர் வீட்டு வாசலில் நின்றது. ஊசி மழையில் இறங்கிக் கேட்டைத் தட்டினாள். மாடி ஜன்னல் திறந்து, போர்வை போர்த்திய தலை ஒன்று எட்டிப் பார்த்தது.

"என்னம்மா இது, இந்த மழையில?"

"பாலத்துக்கு அந்தப் பக்கமும் இதே மழைதாங்கய்யா. அவங்க வந்துட்டாங்க."

"எனக்கு நேத்துலேருந்து லேசா உடம்பு..."

அப்போதுதான் வேனின் பின் சீட்டிலிருந்து அந்தக் குரல் கிளம்பியது. யாரும் கூப்பிடாமலே கட்டைக்குரல்காரர் அவர்களோடு ஏறி வந்திருந்தார். போதகர் அங்கே நீட்டிப் பாடிக்கொண்டிருந்த அதே பாட்டு. தொடக்கத்தில் கரகரத்தது, பிறகு அடித்தொண்டைக்கு இறங்கி நிலைத்தது. வேன் கண்ணாடி அதிர்ந்ததோ இல்லையோ, தெருவில் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. முடிதிருத்தும் கடைக்காரர் பிரஷ்ஷும் வாயுமாக வெளியே வந்தார். பாட்டு டீச்சர் ஒரு கணம் கேட்டுவிட்டு, குடையைத் தேடாமலேயே படியிறங்கிவிட்டார்.

செயலாளர் தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார். "சட்டைய மட்டும் போட்டுக்கிட்டு வந்துடறேன்" என்றார்.

"பொத்தானை வண்டியில வந்து போட்டுக்கலாம், எறங்குங்க!" என்று ஓரகத்தி கத்தினாள். "இன்னும் ரெண்டு தெரு பாக்கி கெடக்கு!"