கட்டை அழுத்த ஓர் ஆள்

தேவாலயத்துப் பழைய ஆர்கன் வாத்தியத்தைப் புதுப்பித்து, கூடுதலாக இருநூறு குழாய்களும் சேர்த்தாயிற்று. சுருதி சேர்ப்பவர் குழாய்களுக்கு நடுவே ஒண்டியாக உட்கார்ந்திருந்தார்.

முப்பது வருடமாக, இவர் மேலே ஒவ்வொரு குழாயாகச் சரிசெய்ய, கீழே இருந்து அதற்கான கட்டையை ஒவ்வொன்றாக அழுத்திப் பிடித்தவள் அவர் மனைவி. இவர் "அடுத்தது" என்று கத்துவார். "காது கேக்குது, கத்தாதீங்க" என்பாள். இப்போது அந்த வேலையைப் புது ரிமோட் செய்கிறது. "இனிமே நீ வர வேணாம்" என்று பெருமையடித்துக்கொண்டவரும் இவர்தான்.

பழக்க தோஷத்தில் "அடுத்தது" என்று கத்தினார். பழைய சுரமே நீண்டுகொண்டிருந்தது. பொத்தானை அழுத்தினார், ஒரு வார்த்தை பேசாமல் மாறியது. எரிச்சலாக வந்தது.

மத்தியானம் வீட்டுக்குப் போன் போட்டார். "ரிமோட் மக்கர் பண்ணுது. கொஞ்சம் வந்துட்டுப் போறியா?"

"பேட்டரிய மாத்திப் பாருங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள்.