ஊற்றுக்கு வைத்த குறி

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு மேல் தேயிலைத் தோட்டத்து லயத்தில், மலைக் குழாய் வந்து விழும் பீலியில் குடம் வைத்த அழகம்மா, வைத்த வேகத்தில் அதைக் கவிழ்த்துவிட்டுச் சத்தம் போட்டாள்.

"லோரன்ஸ் அண்ணே! கொஞ்சம் வெளிய வாங்க. தண்ணி சோப்புப் போட்டுக் குளிச்சிட்டு வருது!"

லோரன்ஸ் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். கறுப்புக் குழாயில் தண்ணீரோடு நுரையும் வந்துகொண்டிருந்தது. கையில் ஏந்தி முகர்ந்தார். ஏதோ பழ வாசனை. அதற்கு அடியில் இன்னொரு நாற்றம். அது என்னவென்று மூக்குக்குத் தெரிந்துவிட்டது, மனம்தான் ஒப்பவில்லை.

"நேத்து சாயங்காலம் ஒம்பது பேரு பையத் தூக்கிக்கிட்டு மேல போனாங்க" என்றாள் அழகம்மா. "ஒங்க ஹட்டன் தம்பிதான் முன்னால போனாரு. மெஷினப் பாத்துக்கிட்டே போனாரு. கவ்வாத்து வெட்டின தேயில மரம் காலக் கிழிச்சதுகூடத் தெரியல."

ஹட்டன் தம்பி என்றால் நிரஞ்சன். வெளியூர் ஆட்களை மலையேறக் கூட்டிப் போகும் கம்பனியில் வேலை. போன பெப்ரவரியில் லோரன்ஸைத் தேடி வந்து, உள்ளங்கை அளவில் மஞ்சள் நிறக் கருவி ஒன்றைக் கொடுத்தவன் அவன்தான்.

"சும்மா ஜிபிஎஸ்தான் அங்கிள். ரெண்டு பேட்டரி போதும். வானம் தெரியிற எடத்துல நின்னு சாட்டலைட் புடிக்கிற வரைக்கும் பொறுங்க. அப்புறம் இந்த பட்டன அமத்திப் புடிங்க. நீங்க நிக்கிற எடம் பதிஞ்சிரும்."

முப்பது வருஷம் அந்த மலைகளில் தேயிலைக்கு முள்ளுக் குத்தி மண் கிளறியவர் லோரன்ஸ். ஒரு நாள் முழுக்க நடந்து பதினாலு இடங்களைப் பதிந்து கொடுத்தார். வழுக்குப் பாறை, குளவிக் கூட்டு மரம், சிவனொளிபாத மலை தெரியும் முனை. ஏழாவதாக ஊற்று. அங்கே பட்டனை அமத்தியபோது அவருக்குப் பெருமையாகவே இருந்தது. லயத்தின் நாற்பத்திரண்டு காம்பரா வீடுகளுக்கும் அதுதான் தண்ணீர். அந்தோனியார் படமும் மஞ்சள் பூசின கல்லும் ஒரே திட்டில் இருக்கிற இடம். மேலே வேலைக்குப் போகிறவர்கள் பத்து அடி கீழேயே செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். ஊற்றுக்கு மேலே யாரும் காறித் துப்பக்கூட மாட்டார்கள். இதையெல்லாம் அவர் நிரஞ்சனிடம் சொல்லவில்லை. சோற்றில் மண் போடாதே என்று யாராவது யாருக்காவது சொல்வார்களா?

கருவியில் அந்த இடத்துக்கு ஒரு சின்னக் குழாய்ப் படம் விழுந்தது. அதன்பிறகு கம்பனிக்கு லோரன்ஸ் தேவைப்படவில்லை.

ஏழு மணிக்கு அவர் ஊற்றுக்கு ஏறினார். கூட்டம் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு பெரிய ரோட்டு வழியாக இறங்கிவிட்டிருந்தது. அந்தோனியார் படத்தின் மேல் யாரோ ஈரக் காலுறையைக் காயப்போட்டு மறந்துவிட்டுப் போயிருந்தார்கள். தண்ணீரில் நூடில்ஸ் இழைகளும் ஒரு கொத்துத் தலைமுடியும் மிதந்தன. இது மட்டுமென்றால் திட்டிக்கொண்டே அள்ளிப் போட்டிருப்பார். தலையைத் தூக்கிப் பார்த்தார். ஊற்றுக்கு நேர் மேலே, மானாப் புல்லுக்குள், வெள்ளை வெள்ளையாக டிசுத் தாள்கள். எண்ணினார். ஏழு. இரவு பெய்த தூறலில் ஏழும் கரைந்து, மஞ்சளாக ஒரு கோடு இழுத்துக்கொண்டு ஊற்றுக்குள் இறங்கியிருந்தன. ஈக்கள் எழும்பி, அவர் உதட்டில் வந்து உட்கார்ந்தன.

தூ என்று துப்ப வாயெடுத்தவர், ஊற்றைப் பார்த்துவிட்டு எச்சிலை விழுங்கினார். அதுதான் அவருக்குக் குமட்டியது. துப்புவதற்கு அவர் கூசுகிற இடத்தில் இவர்கள் குந்தியிருக்கிறார்கள்.

அவர் திரும்பி வந்தபோது மணி எட்டரை. அவருடைய காம்பரா வாசலிலேயே ஒன்பது பேரும் பெஞ்சிலும் படியிலும் உட்கார்ந்திருந்தார்கள். நிரஞ்சன் கூட்டி வருகிறவர்கள் இறங்கும்போது லயத்தில் ஒரு பிளேன்டீ குடிப்பது பெப்ரவரியிலிருந்தே வழக்கம். மனைவி ஐவி தட்டில் கிளாஸ்களை வைத்து நீட்டிக்கொண்டிருந்தாள்.

"எப்ப புடிச்ச தண்ணி?" என்று மெதுவாகக் கேட்டார்.

"விடிய அஞ்சு மணிக்கு. ஏன், மொகம் இப்புடி இருக்கு?"

கண்ணாடி போட்ட ஒரு பெண், தனுஷிகா என்று கூப்பிட்டார்கள், கிளாஸைத் தூக்கி, "மலைத் தண்ணி டீயே தனி ருசி, இல்லயா?" என்றாள். குடிக்கட்டும் என்று லோரன்ஸுக்கு ஒரு கணம் தோன்றியது. அவர்களுடையதுதானே, அவர்களே குடிக்கட்டும். அப்படி நினைத்த தன் மேலேயே அருவருப்பு வந்தது.

"ஒரு நிமிஷம் கிளாஸக் கீழ வைங்க பிள்ளைகளா. தம்பி, அந்த மெஷினக் குடுங்க."

நிரஞ்சன் சிரித்துக்கொண்டே கொடுத்தான். லோரன்ஸ் பதினாலு பெயர்களில் ஏழாவதைத் தேடி எடுத்து, அதற்கு வழி காட்டும் பட்டனை அமத்தினார். முற்றத்தில் நின்று சாட்டலைட் பிடிக்கும்வரை பொறுத்தார். அம்புக்குறி சுற்றி நின்றது. கருவியைத் தனுஷிகாவின் கையில் வைத்தார்.

"அம்பு எங்கம்மா காட்டுது?"

"மேல... நாங்க நேத்துத் தங்கின எடம். அறுநூத்தி நாப்பது மீட்டர்."

"அந்தப் பக்கமிருந்து ஒரு கறுப்புக் குழாய் வருது பாருங்க. அத அப்புடியே கண்ணால புடிச்சிக்கிட்டு வாங்க."

ஒன்பது பேரின் தலையும் திரும்பியது. குழாய் தேயிலைக்குள்ளால் இறங்கி, கான் வாய்க்காலைத் தாண்டி, பீலியில் வந்து முடிந்தது. பீலியின் கீழே இன்னும் கொஞ்சம் நுரை நின்றது. அங்கிருந்து ஐவியின் குடம். குடத்திலிருந்து கேத்தல். கேத்தலிலிருந்து கிளாஸ்.

தனுஷிகா வாயைப் பொத்திக்கொண்டு கான் பக்கம் ஓடினாள்.

நிரஞ்சன் தொண்டையைச் செருமினான். "சாரி அங்கிள். ஆனா பயப்பட ஒண்ணுமில்ல. கொதிச்ச தண்ணிதானே? கொதிச்சா எல்லாம் செத்துரும்."

"அப்புடியா தம்பி?" அழகம்மா இடுப்பில் கை வைத்தபடி வந்து, ஒரு கிளாஸை எடுத்து அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள். "அப்பக் குடிங்க. சீனி பத்தலன்னா சொல்லுங்க, போட்டுத் தாரேன்."

நிரஞ்சன் கிளாஸைப் பார்த்தான். மேலே ஆடைபோல் மெல்லிசாக ஏதோ படிந்திருந்தது. கை நீளவில்லை.

"எங்க பிள்ளைக எப்பவும் கொதிக்க வைக்காமத்தான் குடிக்குதுக" என்றாள் ஐவி. "இந்த அஞ்சு மாசத்துல வயித்தோட்டம்னு மூணு பிள்ளைய ஆஸ்பத்திரியில வச்சிருந்தோம். மழத் தண்ணி சேரலைன்னுதான் நெனச்சோம்."

லோரன்ஸ் உள்ளே போய் மண்வெட்டிகளைக் கொண்டுவந்து நிரஞ்சனின் காலடியில் போட்டார். கையுறை இருக்கா என்று ஒரு பையன் கேட்டான். "கழுவுறதுக்குக் கையுறை கேக்குறீங்களே, போறப்பக் கேட்டீங்களா?" என்றார். எட்டுப் பேர் ஏறினார்கள். தனுஷிகாவும் முகத்தைத் துடைத்துக்கொண்டு கடைசியாக ஏறினாள். அள்ளி, குழி வெட்டி, புதைத்து, ஊற்றை இறைத்து முடிக்கப் பன்னிரண்டு மணி. இரண்டு பேர் இடையில் வாந்தியெடுத்தார்கள். லோரன்ஸ் பாறையில் நின்று கொண்டு, இங்க கெடக்கு, அங்க கெடக்கு என்று காட்டிக்கொண்டிருந்தார்.

போகும்போது நிரஞ்சன் அவர் கண் முன்னாலேயே ஏழாம் இடத்தை அழித்துக் காட்டினான்.

"சரி. மத்த ஆளுகளோடதுல?"

நிரஞ்சன் காலில் போட்டிருந்த சப்பாத்தைப் பார்த்தான். "வந்தவங்க எல்லாருக்கும் கொப்பி பண்ணிக் குடுத்தோம் அங்கிள். அவங்க இன்னும் யாருக்கு அனுப்பினாங்கன்னு... தெரியாது."

அன்று முழுக்க லோரன்ஸ் வலது கைப் பெருவிரலைச் சாரத்தில் துடைத்துக்கொண்டே இருந்தார். சோப்புப் போட்டும் கழுவினார். பட்டனை அமத்தியது அந்த விரல்தான்.

அடுத்த சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு, ஊற்றுக்குப் பத்து அடி கீழே, ஒரு கல்லில் வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தார். பாதை இருக்க, தேயிலை மரங்களை நேராக முறித்துக்கொண்டு இரண்டு பேர் ஏறி வந்தார்கள். அவர் பார்த்தே இராத முகங்கள். இரண்டு பேர் கண்ணும் உள்ளங்கையில் இருந்தது.

"ஹலோ அங்கிள்! வாட்டர் பொயின்ட் இதுதானே?"

லோரன்ஸ் எழுந்து வழியை மறித்து நின்றார்.

"மொதல்ல சப்பாத்தக் கழட்டுங்க. அங்கயே."