உடைக்காமல் விற்ற அத்தி

ஐன் ஹஜல் சந்தையில் ஒரு குளவியின் விலை ஒரு மில்லிம். நம்பாதவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஜூன் மாதத்தில் ஆண் அத்திக்காய் பத்துக்கு மூன்று தினார், அதாவது மூவாயிரம் மில்லிம். ஒரு காய்க்குள் கொசுவைவிடச் சின்னதாக முந்நூறு குளவிகள் குடியிருக்கும். பங்கிட்டால் தலைக்கு ஒரு மில்லிம். அந்தக் காசை இப்போது யாரும் அடிப்பதுமில்லை, கொடுத்தால் வாங்குவதுமில்லை. ஆனால் அந்த ஒரு மில்லிம் பிராணி ஆண் காயிலிருந்து மகரந்தத்தைப் பூசிக்கொண்டு பறந்துபோய், பெண் மரத்துக் காயின் நுனியில் கண் என்று சொல்லும் சின்னத் துளை வழியாக உள்ளே நுழையாவிட்டால், இந்த மலையில் ஒரு பழம்கூடத் தேறாது. காயெல்லாம் மஞ்சளாகிச் சுருங்கி உதிர்ந்துவிடும். அதனால்தான் ஊரே ஜூனில் ஆண் காய்களை நாரில் கோத்துப் பெண் மரங்களில் தோரணம் கட்டுகிறது.

அத்தித் தோட்டக்காரர் லஸ்ஹர் அந்த வருடம் பத்துக் காயை ஆறு தினாருக்கு விற்றார்.

வாங்கியவர்களைக் குறை சொல்ல முடியாது. அந்த வசந்தத்தில் கறுப்பு ஈ வந்து ஊராரின் ஆண் காய்களில் முட்டை வைத்து, பாதியைப் புழுவோடு தரையில் தள்ளியிருந்தது. மிச்சம் மரத்தில் நின்றதெல்லாம் அம்மை போட்ட முகம் மாதிரி இருந்தது. லஸ்ஹரின் கூடையில் மட்டும் ஒரு புள்ளியில்லை. ரகசியம் சாதாரணமானது. ஏப்ரலில் மோட்டார் சைக்கிளில் வந்த பூச்சிமருந்து வியாபாரி ஒரு பாட்டிலை நாற்பது தினார் என்றான். லஸ்ஹர் அவனுக்குத் தேநீர் கொடுத்து, அவன் பிள்ளைகளின் பெயரையெல்லாம் விசாரித்து, இரண்டு முறை எழுந்து போய்த் திரும்பி வந்து, இருபத்திரண்டுக்கு வாங்கினார். அந்த வெற்றியின் கிறக்கத்தில் பாட்டிலின் பின்பக்கத்தைப் படிக்கத் தோன்றவில்லை. தன் ஆறு ஆண் மரங்களிலும் நனைய நனைய அடித்தார். ஈ ஒழிந்தது.

சந்தையில் ஒரு வழக்கம் உண்டு. விற்பவன் ஒரு காயை உடைத்து வாங்குபவனின் உள்ளங்கையில் வைப்பான். குளவி நடந்தால் பணம் கைமாறும். அன்று லஸ்ஹர் உடைக்க மறுத்தார். அறுநூறு மில்லிம் பொருளை உடைத்துக் காட்டச் சொல்வது என்ன நாகரிகம் என்று கேட்டார். கேட்ட விதத்தில் ஆளாளுக்கு வெட்கம் வந்துவிட்டது. ஒன்பது மணிக்குள் பதினொரு வீட்டார் ஆளுக்கு அறுபது காய் வாங்கிக்கொண்டு போனார்கள்.

சல்ஹா மட்டும் கூடை முன்னால் நின்றாள். லஸ்ஹரின் மனைவி மொன்ஜியாவுக்கு அவள் சித்தப்பா மகள். மேல் பாறையில் ஆடும் தேனீப் பெட்டிகளும் மூன்று ஆண் அத்தி மரங்களும் வைத்துக்கொண்டு தனியாக இருப்பவள்.

"ஒண்ணு உடைங்க மச்சான்."

"வாங்குறியா?"

"இல்ல. பாக்கணும்."

"பாக்குறதுக்குக் காசு வாங்குறதில்ல. உடைக்கிறதுக்குத்தான்."

அவள் திரும்பி நடந்துவிட்டாள். லஸ்ஹர் பொறாமை என்று முடிவு கட்டினார். வியாபாரத்தில் அவருக்குப் பிடித்த உணர்ச்சி அதுதான், அடுத்தவரிடம் இருக்கும் பட்சத்தில்.

நான்காம் நாள் காலையில், தோரணம் கட்டிய மரத்தடியில் மொன்ஜியா தேநீர்க் கோப்பையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜூனில் ஐன் ஹஜலில் குளவி விழாத தேநீர் கிடையாது. ஊதி ஒதுக்கிவிட்டுக் குடிப்பார்கள்.

"ஏங்க, நாலு நாளா என் டீ சுத்தமா இருக்கு."

"அதுக்கு வருத்தமா?"

அவள் எழுந்து தோரணத்திலிருந்து ஒரு காயைப் பறித்து இரண்டாகப் பிளந்து அவர் மடியில் போட்டாள். உள்ளே மூக்குப்பொடி மாதிரிப் பழுப்புத் தூள். அசைவில்லை. லஸ்ஹர் இன்னொன்றைப் பிளந்தார். இருபதாவதில் நிறுத்திக்கொண்டார். மருந்து ஈயையும் குளவியையும் வேறுபடுத்திப் பார்க்கவில்லை. இருபத்திரண்டு தினாருக்கு அவ்வளவு நியாயம் போதும் என்று நினைத்திருக்கும்.

அவருக்கு முதலில் தன் நாற்பது பெண் மரம் நினைவுக்கு வந்தது. அப்புறம்தான் பதினொரு வீடு. அந்த வீடுகளில் ஆகஸ்டில் விற்கும் அத்திப் பழம்தான் குளிர்காலத்து மாவு, எண்ணெய், பள்ளிக்கூடச் செருப்பு. பெண் காயின் கண் இன்னும் எட்டுப் பத்து நாள் திறந்திருக்கும், அதிகம் போனால். பள்ளத்தாக்கில் வேறு யாரிடமும் ஆண் காய் மிச்சமில்லை. ஈ தின்றதுபோக நின்றதிலிருந்து குளவி ஏற்கெனவே பறந்துவிட்டது. பத்து நாள் பின்தங்கிப் பழுப்பவை மேல் பாறையின் குளிரில் நிற்கும் மூன்று மரங்கள்தான்.

சல்ஹாவின் மரங்கள்.

லஸ்ஹர் மலை ஏறும்போதே பேரத்தைத் திட்டமிட்டுக்கொண்டார். முதலில் ஆடுகளைப் பற்றிக் கேட்க வேண்டும். பிறகு மழையைப் பற்றி. கிளம்பும்போது, ஏதோ நினைவுக்கு வந்தது போல, அந்த ஆண் காய்களை என்ன செய்யப்போகிறாய் என்று கேட்க வேண்டும். சொந்தத் தேவையை முகத்தில் காட்டாமல் அவர் கழுதை முதல் சம்பந்தம் வரை வாங்கியிருக்கிறார்.

மேலே போனால் மரங்களைப் பார்க்கவே மனம் வரவில்லை. காய்களில் மூன்றில் ஒன்று ஈ தொட்டது. கிளைகளில் பழைய தண்ணீர் பாட்டில்கள் தொங்கின. பக்கவாட்டில் துளை போட்டு உள்ளே ஈயை இழுக்கும் உரக்கரைசல் ஊற்றியிருந்தது. கறுப்பு ஈக்கள் அதில் மிதந்தன. மரத்தடியில் உதிர்ந்த காய் ஒன்றுகூட இல்லை. சல்ஹா தினம் சாயங்காலம் பொறுக்கி ஆடுகளுக்குப் போட்டுவிடுகிறாள், புழு மண்ணுக்குள் இறங்குவதற்கு முன்னால். வரப்பெல்லாம் கொத்தமல்லியும் காட்டுக்கடுகும் பூத்து முற்றிக் கிடந்தன. அவள் அவற்றைப் பிடுங்குவதில்லை.

"ஆடெல்லாம் எப்படி?" என்றார் லஸ்ஹர்.

சல்ஹா ஒரு காயைப் பறித்தாள். வடுப்பட்ட, அசிங்கமான காய். அவர் கையை விரித்து, அதை உடைத்து வைத்தாள். ஒரு கணம் ஒன்றுமில்லை. பிறகு மகரந்தம் அப்பிய கறுப்புப் புள்ளிகள் ஒன்றொன்றாய்க் கண் விழித்து, அவர் உள்ளங்கை ரேகையைத் தாண்டி, மணிக்கட்டில் ஏறி, சட்டைக் கைக்குள் நுழைந்தன. கூசியது. காலையிலிருந்து அடைத்திருந்த மூச்சு அவரை அறியாமல் வெளியே வந்தது, குளவிகளில் பாதியை அடித்துக்கொண்டு.

திட்டம் அதோடு சரி. அவள் அந்த மூச்சைப் பார்த்துவிட்ட பிறகு ஆட்டைப் பற்றிப் பேச முடியாது.

"தொள்ளாயிரம் வேணும்" என்றார். பதினொரு வீட்டுக்கு அறுநூற்று அறுபது, தனக்கு இருநூற்று நாற்பது. "பத்துக்கு ஆறு தினார் தர்றேன்."

"விக்கிறதில்ல."

"எட்டு."

"ஆட்டுக்குப் போட்டாலும் போடுவேன்."

லஸ்ஹர் பத்துவரை போனார். பிறகு உறவைச் சொன்னார், ஊரைச் சொன்னார், தெரிந்திருந்தும் சந்தையில் வாயைத் திறக்காதவள் அவள்தான் என்றுகூடச் சொல்லிப் பார்த்தார். அதற்கு மட்டும் பதில் வந்தது.

"உடைங்கன்னு சொன்னேன்ல? அதைவிட என்ன சொல்றது? ஏப்ரல்லயே எனக்குத் தெரியும். உங்க மரத்தடியில கடுகு பூத்திருந்துச்சு. மருந்து அதுமேலயும் விழுந்துச்சு. என் தேனீ கீழ இறங்கி உங்க கடுகுக்குத்தான் வரும். ஒன்பது பெட்டியில ரெண்டு காலி. வாசல்ல செத்துக் கிடந்ததைக் கூட்டி அள்ளுனேன் மச்சான், அவரைக்கொட்டை அள்ளுற மாதிரி."

லஸ்ஹர் பேரம் பேசாமல் ஒன்றைத் தர முன்வந்தார். அவருக்கு அது புதிய அனுபவம்.

"ரெண்டு பெட்டி தேனீ வாங்கித் தர்றேன்."

"அது தரவேண்டியது. விலை இல்ல." அவள் கூடையை எடுத்து மரத்தடியில் வைத்தாள். "காசு வாங்கினா கணக்கு இன்னிக்கே முடிஞ்சிரும். முடியக் கூடாது. கடனாத் தர்றேன். தொள்ளாயிரம் காய். அடுத்த ஜூன்ல தொள்ளாயிரம் திருப்பித் தரணும், உங்க மரத்துக் காய். உசுரோட. நான் ஒவ்வொண்ணா உடைப்பேன்."

"எல்லாத்தையும் உடைச்சா உனக்கு என்ன மிஞ்சும்?"

"அன்னிக்கு உங்க மூஞ்சியைப் பாக்கலாமே."

லஸ்ஹர் அந்தப் பேரத்தை நான்கு பக்கமும் திருப்பிப் பார்த்தார். உயிரோடு திருப்பித் தர வேண்டுமென்றால் ஏப்ரலில் பாட்டிலைத் திறக்க முடியாது. திறக்காவிட்டால் ஈ வரும். ஈ வந்தால் அவள் மாதிரித் தண்ணீர் பாட்டில் தொங்கவிட வேண்டும், தினம் குனிந்து உதிர்ந்ததைப் பொறுக்க வேண்டும். அவர் பொறுக்கினால் இவள் மரத்துக்கு ஏறி வரும் ஈயும் குறையும், இவள் தேனீயும் பிழைக்கும். ஒரு தினார் செலவில்லாமல் தன் தோட்டத்துக்கு ஒரு காவல்காரனை வைத்துக்கொண்டுவிட்டாள். எங்கேயும் ஓட்டையில்லை. தோற்றுப்போன பேரம் ஒன்றை அவர் ரசித்தது அதுதான் முதல் தடவை.

"சரி" என்றார்.

"உங்க ஆண் மரத்துலயும் இருபது கட்டுங்க. உள்ள ஒண்ணுமே உசுரா இல்ல. இப்பக் குடி வைக்கலேன்னா அடுத்த வருஷம் எங்கேருந்து வரும்?"

கடன்காரனுக்குத் திருப்பித் தர வழியும் அவளே சொல்லிக் கொடுத்தாள்.

பதினொரு வீட்டுக்கும் என்ன சொல்வது என்பதையும் லஸ்ஹர் இறங்கும்போது யோசித்து வைத்திருந்தார். இரண்டாம் தோரணம், லஸ்ஹரின் அன்பளிப்பு, மகசூல் கூடும். மானமும் நிற்கும். முதல் வீடு காப்பிக்கடை தீஜானியுடையது. அவர் அறுபது காய்களையும் எண்ணினார், பிறகு லஸ்ஹரை ஏற இறங்கப் பார்த்தார்.

"எவ்வளவு?"

"சும்மா."

தீஜானி கூடையைத் தரையில் வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போனார். "யோவ், நீ சும்மா குடுக்குறியா? என்னய்யா ஆச்சு, டாக்டர் நாள் குறிச்சுட்டானா?"

லஸ்ஹர் சிரித்துப் பார்த்தார். தீஜானி சிரிக்கவில்லை. நேராகத் தன் மரத்துக்குப் போய், பத்து ஆறு தினார் என்று வாங்கிய பழைய தோரணத்திலிருந்து ஒன்றைப் பறித்து உடைத்தார். முப்பது வருடம் கஞ்சனாக வாழ்ந்த மனிதனுக்கு ஒரே நாளில் தாராளம் ஒட்டாது. லஸ்ஹர் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாயிற்று. தீஜானி கத்தவில்லை. செத்த சாமானுக்குப் பத்துக்கு ஆறு வாங்கினாயே, அதில் மூன்றைக் கீழே வை, மிச்சம் மூன்று நியாய விலை, புதுக் காயை நீயே மரத்தில் ஏறிக் கட்டு என்றார். அடுத்த வீட்டுக்குப் போனபோது அங்கே ஏணி தயாராகச் சாத்தியிருந்தது. சேதி அவரைவிட வேகமாக நடந்திருந்தது. மூன்று நாளில் பதினொரு வீட்டு மரமும் ஏறி இறங்கினார். ஏணியடியில் ஆளுக்கொரு பட்டப்பெயர் வைத்தார்கள். ஐந்தாவது வீட்டுக்காரி ஒரு தட்டில் ரொட்டியும் ஆலிவும் வைத்துவிட்டு, உடைத்துப் பார்த்துச் சாப்பிடுங்கள் என்றாள்.

அதன் பிறகு காத்திருப்புதான் மிச்சம். மகளின் நிச்சயதார்த்தத்தன்று சம்பந்தி போட்ட நகையைச் சோதிக்க வாங்கிய நகைத் தட்டானின் பூதக்கண்ணாடி ஒன்று அவரிடம் இருந்தது. தினம் காலையில் அதைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு பெண் காய்களின் கண்ணை எட்டிப் பார்த்தார். முதல் நாள் ஒன்றுமில்லை. இரண்டாம் நாள் ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் ஒரு காயின் கண்ணில், வெங்காயத் தோலைப் பொடித்தது போல, இரண்டு சின்ன இறகுகள் ஒட்டிக்கொண்டிருந்தன. உள்ளே நுழையும் குளவி, வாசலில் செருப்பை விடும் விருந்தாளி மாதிரி, இறகைக் கண்ணிலேயே விட்டுவிட்டுப் போகும். அடுத்த காயில் நான்கு இறகு. அதற்கடுத்ததிலும் இருந்தது. சம்பந்தியின் தங்கத்தைப் பார்த்தபோதுகூட அவர் அப்படிச் சந்தோஷப்படவில்லை. அது கலப்படம் வேறு.

"மொன்ஜியா" என்று கூப்பிட்டார்.

அவள் வந்து கண்ணாடியை வாங்கிப் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள். பிறகு உள்ளே போய்த் தேநீர் கொண்டுவந்தாள். அவர் கோப்பையில் ஒரு குளவி மிதந்தது. லஸ்ஹர் ஊதவில்லை. அப்படியே குடித்தார்.

புதுத் தோரணம் கட்டிய பதினைந்தாம் நாள் தீஜானியின் காப்பிக்கடையில் ஆளாளுக்குத் தங்கள் மரத்துக் காயைக் கொண்டுவந்து மேசையில் வைத்து அளந்தார்கள். எல்லாம் பச்சை, எல்லாம் கெட்டி. யாரும் நன்றி சொல்லவில்லை. ஆனால் லஸ்ஹருக்குக் காப்பி வந்தது, தீஜானி காசு கேட்கவில்லை. லஸ்ஹர் கொஞ்ச நேரம் கோப்பையைச் சந்தேகமாகப் பார்த்துவிட்டுத்தான் குடித்தார்.

ஜூலை முதல் வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து வந்து, கணக்கைச் சரிபார்த்தார். சிவப்பு நூல் கட்டி அடையாளம் வைத்த பெண் காய் நூறு. குளவிக்குக் காத்திருந்து முன்கூட்டியே விழுந்தது பதினாறு, நின்றது எண்பத்து நான்கு. பதினொரு வீட்டுக்கும் திருப்பியது நூற்றுத் தொண்ணூற்றெட்டு தினார், தீர்ந்தது. தேனீப் பெட்டி இரண்டு, சல்ஹாவின் பாறையில் இறக்கியாயிற்று, தீர்ந்தது. மருந்து பாட்டில், முக்கால் மிச்சம், வியாபாரி திரும்ப எடுத்துக்கொள்ள மறுத்ததால் இரும்புப் பெட்டியில் பூட்டியது, நஷ்டம் இருபத்திரண்டு. சல்ஹாவுக்குத் தரவேண்டிய ஆண் அத்தி தொள்ளாயிரம், உயிரோடு, பாக்கி.