பீமில் விழுந்த ஓட்டை

கட்டிக்கொண்டிருந்த வளாகத்தின் இரண்டாவது மாடிக்கு ஏறும்போதே அவளுக்கு அந்தச் சத்தம் பிடிக்கவில்லை. சுவரைத் துளைத்தால் கரகரவென்று கேட்கும். இது பல்லைக் கூசவைத்தது. இரும்பை இரும்பு அறுக்கிற சத்தம். மிச்சப் படிகளை ஓடியே ஏறினாள்.

பிளம்பர் சாரத்தின்மேல் நின்று, துளை போடும் மெஷினைக் கூரையின் நடுபீமுக்குள் அழுத்திக்கொண்டிருந்தார்.

"நிறுத்துங்க. முதல்ல அதை நிறுத்துங்க."

சாரத்தில் ஏறி, துளைக்குள் டார்ச் அடித்தாள். பீமுக்குள் ஓடும் கம்பிகள் அறுபட்டு, முனைகள் பளபளத்தன.

"இங்க ஓட்டை போடச் சொன்னது யாரு?"

"முதலாளிதான் மேடம். மூணாவது மாடி டாக்டரு கேட்டாராம், டாய்லெட்டு கிழக்குப் பக்கம் போகுதாம், பைப்பு இந்த வழியா வரணும்னு போன்ல சொன்னாரு. உங்களுக்குத் தெரியும்னாரே."

அவளுக்குத் தெரியாது. முதலாளி அவளுடைய அக்கா வீட்டுக்காரர். கீழே கடைகள், மேலே அலுவலகங்கள், மூன்றாவது மாடி முழுக்க ஒரு பல் டாக்டரின் கிளினிக் என்று வளாகம் கட்டக் கிளம்பியபோது, "வீட்லயே மேனேஜரை வச்சுக்கிட்டு வெளியாளை எதுக்குத் தேடணும்?" என்று அவளிடம் பொறுப்பை ஒப்படைத்தவர். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். எதை மாற்றுவதானாலும் என்னிடம் சொல்லுங்கள். இன்ஜினியரிடம் கேட்டு, பிளானில் திருத்திய பிறகு நானே ஆட்களிடம் சொல்கிறேன். அத்தான் பலமாகத் தலையாட்டினார். அதன்பிறகு எலக்ட்ரீஷியனுக்கு ஒரு போன், தச்சருக்கு ஒரு போன். ஒவ்வொரு போனுக்கும் ஒரு சுவர் இடிபட்டது. அவளும் பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பக் கட்டவைத்தாள்.

அவையெல்லாம் சுவர். இது பீம். நாளை கான்கிரீட் போடவிருந்த மேல்தளத்தைத் தாங்கும் முட்டுகள் அத்தனையும் இதன் தலையில்தான் நின்றன. அங்கே ஆட்கள் கம்பி கட்டிக்கொண்டிருந்தார்கள்.

தொண்டை கிழியக் கத்தி எல்லோரையும் கீழே இறக்கினாள்.

அவள் கூப்பிட்டதும் வடிவமைப்பு இன்ஜினியர் வந்து, துளைக்குள் அறுந்த கம்பிகளை எண்ணினார். "அடியில ஜாக்கி கொடுத்துத் தாங்குங்க. இரும்புத் தகடு வச்சு இதை பலப்படுத்தற வரைக்கும் மேல ஒரு சட்டி கான்கிரீட்கூட விழக்கூடாது. நாளைக்குப் போட்டிருந்தீங்கன்னா, ஆளுங்களோட சேர்ந்து மொத்தமும் கீழ வந்திருக்கும்" என்றார்.

அத்தான் வரும்போதே முகம் சிவந்திருந்தது. "வேலையை நிறுத்திட்டியாமே? ஒரு ஓட்டைக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்? பூசி அடைச்சா தீர்ந்துது."

"கம்பி அறுந்திருக்கு அத்தான். அதை எதை வச்சுப் பூசுவீங்க?"

"கட்டடம் என்னோடது. நான் சொன்னா நடக்கணும்."

"உங்களோடதுதான். மேல கம்பி கட்டினவங்க உயிரும் உங்களோடதா?" அவள் பீமிலிருந்த ஓட்டையைக் காட்டினாள். "போன்ல நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டு சாப்பிடப் போயிடறீங்க. இங்க அது கட்டடத்தை அறுக்குது."

ஆட்கள் எல்லாம் தரையைப் பார்த்தார்கள். அத்தான் போனை எடுத்துப் பல் டாக்டரை அழைத்தார். "கொஞ்சம் தாமதமாகும் டாக்டர். எங்க மேனேஜர் ஒரு தப்பு பண்ணிட்டாங்க."

அவள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். காது மடல்வரை கொதித்தது. கையை நீட்டிப் போனை வாங்கினாள். பிடுங்கினாள் என்றும் சொல்லலாம்.

"டாக்டர், மேனேஜர் பேசறேன். டாய்லெட்டைக் கிழக்கே மாத்தச் சொன்னீங்களாமே. அதுக்காக பீமை அறுத்திருக்காங்க."

டாக்டர் பதறினார். "மாத்தச் சொல்லலையே. மாத்த முடியுமான்னு பேச்சோட பேச்சா கேட்டேன். சிரமம்னா பழைய இடமே போதும்னும் சொன்னேனே."

டாக்டர் சொன்னதை அத்தானிடம் அப்படியே சொல்லி, போனைத் திருப்பிக் கொடுத்தாள். யாரோ போகிறபோக்கில் கேட்ட ஒரு கேள்விக்குத்தான் இத்தனையும்.

அத்தான் அசடு வழிந்தார். "சரி விடு. குடும்பத்துக்குள்ள என்ன. இனிமே பாத்துக்கலாம்."

"விட மாட்டேன். எல்லாரும் இங்கதான் இருக்காங்க, இப்பவே சொல்லுங்க. இனிமே நான் சொல்லாம யாரும் எதையும் தொடக்கூடாது, நீங்களே சொன்னாலும். முடியாதுன்னா, இந்த பீமைச் சரிபண்ணிக் கொடுத்துட்டு நான் கிளம்பறேன்."

அவர் இன்ஜினியரைப் பார்த்தார். இன்ஜினியர் ஜாக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல், அத்தான் விழுங்கி விழுங்கிச் சொன்னார். பாதி பேருக்குக் கேட்கவில்லை என்று அவள் மறுபடியும் சொல்லவைத்தாள்.

சாயங்காலம் அக்கா போனில் கூப்பிட்டாள். "ஆளுங்க முன்னாடி அவரை அப்படிப் பேசலாமாடி? கொஞ்சம் தணிஞ்சு போயிருக்கக் கூடாதா?"

"தணிஞ்சு தணிஞ்சுதான்க்கா பீம்வரைக்கும் வந்துச்சு" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

பீமுக்குத் தகடு ஏறி, இன்ஜினியர் சரியென்ற பிறகுதான் மேல்தளத்துக்குக் கான்கிரீட் விழுந்தது. கட்டடம் தாமதமாகத் திறந்தது. அத்தான் இப்போதெல்லாம் அவளிடம் வேலையைத் தவிர வேறெதுவும் பேசுவதில்லை. அந்த வேலைப் பேச்சையாவது அவளிடம் மட்டுமே பேசுகிறார். ஆனாலும், அவர் போனைக் காதில் வைக்கும்போதெல்லாம் அவளுக்குள் ஏதோ சுள்ளென்று ஏறுகிறது. அதைத் தணித்துக்கொள்ள அவளுக்கு விருப்பமும் இல்லை.