சதுக்கம் வழியாக

அப்பாவின் வலது கை சட்டைக்குள் நுழைய மறுத்தது. விறைத்துவிட்டிருந்தது. "மெதுவா... தோள்ல இருந்து வா" என்றார் மாமா. மகள் பொறுமையிழந்து, சட்டையின் முதுகைக் கத்தரியால் மேலிருந்து கீழ்வரை வெட்டினாள். அப்புறம் சுலபமாகப் போட முடிந்தது.

"புதுச் சட்டை" என்றாள் அம்மா. கதவோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

கீழே தெருவில் ஆட்கள் சேர்ந்துகொண்டே இருந்தார்கள். மகள் ஜன்னலுக்குப் போனாள், திரும்பினாள், மறுபடி போனாள். அவர்கள் தூக்கிப் பிடித்த அட்டைகளில் அப்பாவின் முகம் ஆடிக்கொண்டிருந்தது. அடையாள அட்டைக்காக எடுத்த படம். யாரோ திட்டியது மாதிரி முழித்துக்கொண்டிருப்பார். அதற்குக் கீழே சிவப்பு மையில் 'தியாகி'.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். நேற்று சதுக்கத்தை ஒட்டிய கட்டடத்தில் லிஃப்ட் பாதியில் நின்று, உள்ளே ஆட்கள் மாட்டிக்கொண்டார்கள். கூப்பிட்டார்கள், போனார், இறக்கிவிட்டார். வெளியே வந்தபோது போலீஸ் கண்ணீர்ப்புகை வீசிக்கொண்டிருந்தது. ஏற்கெனவே மூச்சிழுப்புக்காரர். யாரோ தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். ஆஸ்பத்திரி வாசலிலேயே முடிந்துவிட்டது.

யாரை வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் பிடித்து வைக்கலாம் என்றொரு சட்டம் வந்திருந்தது. அதை எதிர்த்துத்தான் சதுக்கத்தில் கூட்டம். பக்கத்து நாட்டு ஜனங்கள் இதே மாதிரிச் சட்டத்தைத் தெருவில் உட்கார்ந்தே வாபஸ் வாங்க வைத்திருந்தார்கள். டிவியில் அதைப் பார்க்கும்போதெல்லாம் அப்பா சிரிப்பார். "அளவுக்கு மேல ஆள் ஏறினா லிஃப்ட் நகராதும்மா. மணிதான் அடிக்கும்." மகள் சண்டைக்குப் போவாள். போன வாரம் அவள் சதுக்கத்துக்குக் கிளம்பியபோது வாசலில் குறுக்கே நின்றவரும் அவர்தான்.

முதலில் வந்தவர் போலீஸ் அதிகாரி. சீருடை இல்லை, செருப்பை வெளியே விட்டுவிட்டுப் பணிவாக உள்ளே வந்தார்.

"பின்பக்கத் தெருவுல வண்டி ரெடியா இருக்கும்மா. சீக்கிரம் முடிச்சிடலாம். அவருக்கு இழுப்பு ரொம்ப நாளாவே உண்டுல்ல? வீட்டுல இருக்கும்போதே வந்துச்சுன்னு சொல்லிட்டா உங்களுக்கும் தொல்லை இல்ல."

"கொஞ்சம் யோசிக்க விடுங்க சார்" என்றாள் மகள். அவர் படிக்கட்டில் போய் நின்றுகொண்டார்.

"சரின்னு சொல்லிடு" என்று மாமா காதோரம் கிசுகிசுத்தார். அவர் அரசாங்க வேலையில் இருப்பவர். "எனக்கு இன்னும் ரெண்டு பிள்ளைங்க படிக்குது."

அதற்குள் ஒரு மாணவி, கையில் அதே அட்டையோடு, மூச்சு வாங்க ஏறி வந்தாள். தொண்டை கட்டியிருந்தது. நேற்றைய புகையில் சிவந்த கண்கள் சிவந்தபடியே இருந்தன.

"அக்கா, அப்பாவை எங்க தோள்லயே சதுக்கம் வழியா கொண்டு போறோம். இன்னிக்கு எல்லா இடத்துலயும் அவர் படம்தான். பக்கத்து நாட்டுலகூட, பாருங்க." போனை நீட்டினாள். அறியாத தெரு, புரியாத எழுத்து. யாரோ ஒரு பெண்மணி அப்பாவைத் தூக்கிப் பிடித்திருந்தாள். அந்த நாடு எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அப்பாவுக்குத் தெரியாது.

"அவர் உங்களோட நிக்க வரலம்மா."

"தெரியும்க்கா. ஆனா அவர் சாவு வீணாயிடக் கூடாதுல்ல?"

"வீணாக அவர் என்ன, மீந்த சாப்பாடா?"

மாணவி தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு மெல்லச் சொன்னாள்: "நேத்து அவரைத் தூக்கிட்டு ஓடினவங்கள்ல நானும் ஒருத்திக்கா."

மகள் அவளை அப்போதுதான் சரியாகப் பார்த்தாள். "ஏதாவது சொன்னாரா?"

"டூல்ஸ் பை எங்கன்னு கேட்டார்."

"வேற ஏதாவது சொன்னார்னு சொல்லியிருக்கலாம் நீ. போராட்டம், அது இதுன்னு."

"சொல்லலாம்க்கா. ஆனா அதைத்தான் கேட்டார்."

கீழே கோஷம் எழுந்து அடங்கியது.

"வேலைக்குத் தினமும் எந்த வழியா போவாரு?" என்றாள் அம்மா, யாரையும் பார்க்காமல். "சதுக்கம் வழியாத்தானே? இன்னிக்கு மட்டும் எதுக்குப் பின்பக்கமா போகணும்? எதையாவது திருடினாரா?"

மகள் மாணவியின் கையிலிருந்த அட்டையை வாங்கி, வெற்றுப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். "தியாகின்னு போடாதே. லிஃப்ட் மெக்கானிக்னு போடு. வேலைய முடிச்சிட்டு வெளிய வந்தார், புகை அடிச்சுச் செத்தார்னு போடு. நடந்தது அதுதான்." படிக்கட்டில் இறங்கும்போது அதிகாரியிடமும் நின்று சொன்னாள்: "வீட்டுல சாகல சார். யார் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன்."

"யோசிச்சுப் பேசும்மா" என்றார் அவர். குரலில் முன்பிருந்த பணிவு இல்லை.

அதிகாரி பார்த்துக்கொண்டிருக்கும்போதே மாமா சவப்பெட்டியின் ஒரு மூலையைப் பிடித்தார்.

சதுக்கத்தில் கோஷம் போட வாயைத் திறந்தவர்கள், பெட்டிக்கு முன்னால் வந்த அட்டையைப் படித்துவிட்டு மூடிக்கொண்டார்கள். "யாருப்பா?" "லிஃப்ட் மெக்கானிக்காம்." வரிசை வரிசையாக அந்தச் சொல் பின்னால் போயிற்று. எதிர்முனையில் கேடயங்களோடு போலீஸ். பின்னாலிருந்து யாரோ தள்ள, பெட்டி ஒரு பக்கம் சாய்ந்தது. ஒரு கல் பறந்து போய்க் கேடயத்தில் பட்டது. தடிகள் உயர்ந்தன. மகள் பெட்டியை இரண்டு கைகளாலும் தாங்கிக்கொண்டாள்.

"உக்காருங்க!" கட்டிய தொண்டையோடு மாணவி கத்தினாள். "எல்லாரும் உக்காருங்க!"

முன்வரிசை உட்கார்ந்தது, பிறகு அதன் பின்வரிசை. பார்க்கப் பார்க்கச் சதுக்கம் முழுவதும் தரையோடு தரையானது. பெட்டியைத் தூக்கி வந்தவர்கள் மட்டும் நின்றார்கள். வெகுநேரம் அப்படியே போனது. பிறகு இரண்டு கேடயங்களுக்கு நடுவே ஒரு இடைவெளி விழுந்தது. பெட்டி போகும் அளவுக்குத்தான்.

மயானத்திலிருந்து திரும்பும்போது வெயில் சாய்ந்திருந்தது. தெருமுனை வருவதற்குள் சேதி அவர்களை முந்திக்கொண்டு ஓடியது. சட்டம் வாபஸ். வண்டிகள் விடாமல் ஹாரன் அடித்தன. முன்பின் தெரியாதவர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். யாரோ ஒருவர் சிரித்துக்கொண்டே ஓடி வந்து, "எடுத்துக்கம்மா, ஜெயிச்சிட்டோம்!" என்று மகளின் கையில் ஒரு மிட்டாயைத் திணித்துவிட்டு அடுத்தவரிடம் போனார்.

வீட்டில் விளக்கைப் போட்டதும் அம்மா கேட்டாள்: "கையில என்னடி?"

"ஒண்ணுமில்லம்மா."

மூடிய விரல்களுக்குள் அது இளகி, உள்ளங்கையோடு ஒட்டிக்கொண்டிருந்தது.